பெரிய ரிங்கில் மிதித்தால்தான் கால் பலமாகுமா?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 46, எடை 78 கிலோ, சென்னையில் வங்கி வேலை. எட்டு மாதத்துக்கு முன் ரோடு பைக் வாங்கினேன். முன்னால் பெடலோடு சுற்றும் ரிங் இரண்டு, 50 பல்லும் 34 பல்லும். பின்னால் எட்டு ஸ்பீடு கேசட், அதாவது 11 முதல் 28 பல் வரை எட்டுப் பல்சக்கரம். ஞாயிறு காலை நண்பர்களோடு ஈசிஆரில் கோவளம் தாண்டிப் போய்த் திரும்புவேன், 60 கிலோமீட்டர் வரும். பெரும்பாலும் முன்னால் பெரிய ரிங், பின்னால் 13-இல் போட்டு 27 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். 40 கிலோமீட்டருக்கு மேல் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கிறது, திங்கட்கிழமை மாடிப்படி இறங்கும்போதும் தெரிகிறது. ஒரு நண்பர் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கச் சொல்கிறார். முயன்றேன், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது, சீட்டில் குதிக்கவும் ஆரம்பித்தேன். இன்னொருவர் பெரிய ரிங்கில் அழுத்தி மிதித்தால்தான் கால் பலமாகும் என்கிறார். சிக்னலில் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை வைத்திருப்பதால் உட்காருவதில் பிரச்சினை இல்லை. பிப்ரவரியில் ஏலகிரி ஏறத் திட்டம். எந்த வேகத்தில் மிதிப்பது, எந்த கியரில் போவது, கேசட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: வணக்கம். பல் எண்ணிக்கையோடு எழுதியதற்கு முதலில் நன்றி. எனக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி "சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது" என்ற ஒற்றை வரிதான், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் கணக்குப் போடுவதற்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். முன்னால் 50 பல், பின்னால் 13 பல் என்றால் பெடல் ஒரு முழுச் சுற்று வரும்போது பின்சக்கரம் கிட்டத்தட்ட 3.85 முறை சுற்றும். உங்கள் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் 10 சென்டி. அப்படியானால் ஒரு சுற்றுக்கு வண்டி 8 மீட்டர் நகர்கிறது. 27 கிலோமீட்டர் வேகம் என்பது நிமிடத்துக்கு 450 மீட்டர், அதை 8-ஆல் வகுத்தால் 56. உங்கள் கேடன்ஸ், அதாவது ஒரு நிமிடத்தில் கால் சுற்றும் எண்ணிக்கை, 56. இது குறைவு. உங்கள் வயதில், உங்கள் எடையில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமதரையில் இப்படி ஓட்டுவது முழங்காலுக்கு நல்லதில்லை.

கணக்கை நம்ப வேண்டாம், அடுத்த ஞாயிறு நீங்களே எண்ணிப் பாருங்கள். தனிக் கருவி ஒன்றும் வேண்டாம். வண்டிகள் குறைவாக இருக்கும் நேரான சாலையில் வலது முழங்கால் மேலே வருகிற ஒவ்வொரு தடவையும் ஒன்று, இரண்டு என்று 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 14 வந்தால் 56. 18 வந்தால் 72. 20 வந்தால் 80. கொஞ்ச நாள் இப்படி எண்ணினால், அப்புறம் எண்ணாமலே காலுக்குத் தெரிந்துவிடும்.

சரி, 56-இல் என்ன கெடுதல்? காற்று இல்லாத சமதரையில் 27 கிலோமீட்டர் வேகத்துக்கு உங்களைப் போன்ற உடம்புக்கு ஏறத்தாழ 150 வாட் சக்தி வேண்டும். எந்த கியரில் போனாலும் அதே 150 வாட்தான், கியர் அதைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கியர் செய்வது ஒன்றுதான்: அந்த 150 வாட்டைக் கொஞ்சம் மிதிகளில் பெரிய பெரிய கவளமாகப் போடுவதா, நிறைய மிதிகளில் சின்னச் சின்னதாகப் போடுவதா என்பதைத் தீர்மானிப்பது. 170 மில்லிமீட்டர் கிராங்க்கில், அதாவது பெடல் தண்டில், 56 சுற்றில் மிதித்தால் பெடல் மீது சராசரியாக 15 கிலோ அழுத்தம் விழுகிறது, 80 சுற்றில் அதுவே 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இது சராசரி. பெடல் முன்பக்கம் படுக்கைவாட்டில் இருக்கும் இடத்தில் உச்ச அழுத்தம் இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். 30 கிலோவுக்கும் 21 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

30 கிலோ பெரிய எடை இல்லைதான், மாடிப்படி ஏறும்போது இதைவிட அதிகமாகவே கால் தாங்குகிறது. ஆனால் மாடிப்படி எத்தனை ஏறுவீர்கள், நாற்பதா, அறுபதா? 60 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு முழங்காலும் 7,400 தடவைக்கு மேல் மடங்கி நீள்கிறது. முழங்காலின் முன்னால் இருக்கும் சில்லு, தொடையின் முன்தசை இழுக்கும்போது தொடை எலும்பில் உள்ள பள்ளத்தில் அழுந்தியபடியே மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. தசை எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, முழங்கால் எவ்வளவு அதிகமாக மடங்கியிருக்கிறதோ, அவ்வளவு அழுத்தம் அந்தச் சில்லின் பின்புறத்தில். முன்பக்க வலி, படி இறங்கும்போது வலி என்று நீங்கள் சொல்வது இந்த இடத்தைத்தான் காட்டுகிறது. 80-இல் மிதித்தால் தடவைகள் கூடுமே, 10,000-ஐத் தாண்டுமே என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் பெரும்பாலான முழங்கால்கள் லேசான அழுத்தத்தைப் பல தடவை தாங்கிவிடும், கனமான அழுத்தம் மறுபடி மறுபடி வரும்போதுதான் முனகுகின்றன.

கிளினிக்கில் வண்டியை டிரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில், ஏற்றி முன்னாலிருந்து வீடியோ எடுக்கும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லேசான கியரில் இரண்டு முழங்காலும் பிஸ்டன் மாதிரி நேராக ஏறி இறங்கும். அதே ஆளுக்குக் கியரைக் கனமாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தோள் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், கைகள் ஹூடை, அதாவது பிரேக் லீவரின் மேல்பிடியை, இறுக்கும், பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் முழங்கால் உள்ளே சாய்ந்து மேல்குழாயை உரசப் போகும். வலிப்பதாக அவர் சொல்வது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஓட்டும்போது ஷூவுக்குள் கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். மடங்கியிருந்தால் கியர் உங்களுக்குக் கனம்.

இப்போது உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னது. பெரிய ரிங்கில் அழுத்தினால் கால் பலமாகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது, காரணமும் புரிகிறது. நாமெல்லாம் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு ஒரே கியர் உள்ள வண்டியில் எதிர்க்காற்றிலும் பாலத்திலும் எழுந்து நின்று மிதித்தவர்கள். மிதிப்பது என்றாலே அழுத்துவது என்றுதான் காலுக்குப் பதிந்திருக்கிறது. ஆனால் மேலே போட்ட கணக்கையே பாருங்கள், உச்சத்திலேயே 30 கிலோதான். 78 கிலோ உடம்பு உள்ளவர் நாற்காலியிலிருந்து எழுந்தாலே ஒவ்வொரு காலுக்கும் அதற்குக் குறையாத வேலை இருக்கிறது. தசை பலமாக வேண்டுமென்றால் தசையால் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை வேண்டும். ஈசிஆரில் பெரிய ரிங்கை உருட்டுவது அந்தக் கனத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பலத்துக்கு அது போதாது, மூட்டை உறுத்துவதற்கு மட்டும் போதும். வாரம் இரண்டு நாள் வீட்டில் ஸ்குவாட் செய்யுங்கள். வலி இருக்கும்வரை நாற்காலி உயரம்வரை மட்டும் இறங்கி எழுந்தால் போதும், அப்புறம் கையில் எடை சேர்த்துக்கொள்ளலாம். கால் பலம் அங்கே வரும்.

முதல் நண்பர் சொன்ன 90 எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த எண் நிறையப் பேரைப் பாடாய்ப்படுத்துகிறது. அது காற்றில் பிடித்த எண் இல்லை. 1972-இல் பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தபோது அவர் வண்டியில் ஒரே கியர், முன்னால் 52, பின்னால் 14. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 சுற்று, அதுவும் ஒரு மணி நேரம் விடாமல். பிறகு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மலைகளில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் லேசான கியரில் வேகமாகச் சுற்றுவார், யான் உல்ரிச் கனமான கியரில் நிதானமாக அழுத்துவார். ஜெயித்தவர் ஆம்ஸ்ட்ராங் என்பதால் உலகம் முழுக்க வார இறுதி ஓட்டக்காரர்கள் வேகச் சுற்றுக்கு மாறினார்கள். ஊக்கமருந்துக்காக 2012-இல் அவருடைய ஏழு பட்டங்களும் பறிபோயின, ஆனால் 90 என்ற எண் மட்டும் குழுக்களில் தங்கிவிட்டது.

அவர்களுக்கு அது ஏன் தேவை என்பதுதான் விஷயம். ஒரு தொழில்முறை வீரர் கடினமான கட்டத்தில் 400 வாட் தள்ளுகிறார் என்று வையுங்கள். அதை உங்கள் 56 சுற்றில் தள்ளினால் பெடல் மேல் சராசரி அழுத்தமே 40 கிலோ, உச்சம் 80. எந்தத் தொடையும் அதை மணிக்கணக்கில் தாங்காது. 100 சுற்றுக்குப் போனால் சராசரி 23 கிலோவாக இறங்குகிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் அவர் வேகமாகச் சுற்றுகிறார். நீங்கள் தள்ளுவது 150. அவருக்கு 100-இல் விழுகிற அழுத்தம் உங்களுக்கு 56-இல் விழுவதைவிட அதிகம். அவருடைய வாட் இல்லாமல் அவருடைய சுற்றை மட்டும் கடன் வாங்கினால் கிடைப்பது மூச்சிரைப்புதான்.

காலைச் சுற்றுவதற்கே ஒரு செலவு உண்டு. செயினைக் கழற்றிவிட்டுச் சும்மா 100 சுற்று சுற்றினாலும் மூச்சு வாங்கும், ஏனென்றால் தொடையும் கெண்டைக்காலும் சேர்ந்த அந்த எடையை நிமிடத்துக்கு நூறு தடவை மேலே தூக்கிக் கீழே இறக்குகிறோம். ஆக்ஸிஜன் செலவை அளந்து பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி இது: மிதமான உழைப்பில் உடம்புக்குச் சிக்கனமான சுற்று 60, 70 பக்கம்தான் இருக்கிறது, உழைப்பு கூடக்கூட அந்தச் சிக்கனப் புள்ளியும் மேலே நகர்கிறது. பயிற்சி உள்ளவர்கள் அதையும் தாண்டி 85, 90-ஐத் தாங்களாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூச்சில் கொஞ்சம் அதிகம் செலவானாலும் தசை சீக்கிரம் சோராமல் இருக்கிறதே, அதற்காக. கனமாக அழுத்தும்போது வேகத் தசை இழைகள் வேலைக்கு வருகின்றன, அவை தசையில் சேமித்த சர்க்கரையை வேகமாகக் காலி செய்யும். லேசாகச் சுற்றும்போது நிதானத் தசை இழைகளே பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும், ஆனால் அந்த வேலை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு எங்கே ஒத்துவருகிறதோ அங்கே இருக்க வேண்டும், அதற்குத்தான் உங்கள் வண்டியில் பின்னால் எட்டுப் பல்சக்கரம் இருக்கிறது.

ஆக, எண் கேட்டீர்கள், தருகிறேன். சமதரையில் இப்போதைக்கு 70 முதல் 80. 90 வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் 80-ஐ ஒட்டிக் கால் தானாகவே வந்து நிற்கும், சிலருக்கு 85-ம் வரும், வந்தால் வரட்டும். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது எண்ணைப் பார்க்காமல் உடம்பைக் கேட்டுக் கியர் மாற்றுவது. தொடை எரிகிறது, ஆனால் மூச்சு சீராக இருக்கிறது, பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது என்றால் கியர் கனம், ஒரு பல் லேசாக்குங்கள், அதாவது பின்னால் அடுத்த பெரிய பல்சக்கரத்துக்குப் போங்கள். மூச்சு வாங்குகிறது, காலோ சும்மா ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றால் கியர் ரொம்ப லேசு, ஒரு பல் கனமாக்குங்கள். இரண்டும் சேர்ந்து கஷ்டமாக இருந்தால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழி இல்லை.

90-இல் சீட்டில் குதித்ததாக எழுதியிருந்தீர்கள். பெடல் அடிமட்டத்துக்கு வந்த பிறகும் கால் கீழ்நோக்கியே அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே பெடல் இதற்கு மேல் இறங்காது, அதனால் அந்த அழுத்தம் உடம்பைத் தூக்குகிறது. மெதுவாக மிதிக்கும்போது இது தெரியாது, வேகமானால் குதிப்பாக வெளிவரும். மழைநாளில் செருப்பில் ஒட்டிய சேற்றை வாசல்படியில் பின்பக்கமாக இழுத்து வழிப்போமே, பெடல் கீழே வரும்போது பாதத்தால் அதைச் செய்யுங்கள். அடிமட்டத்துக்குச் சற்று முன்பே இழுக்க ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடம்பு சூடான பிறகு ஒரு நிமிடம் லேசான கியரில் மெல்ல மெல்லச் சுற்றைக் கூட்டி, குதிப்பு ஆரம்பிக்கும் இடம் வந்ததும் ஒரு துளி குறைத்து அங்கேயே அரை நிமிடம் நில்லுங்கள். மூன்று நான்கு தடவை போதும். அந்த இடம் வாரத்துக்கு வாரம் மேலே போகும்.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிக்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடிகிறது என்றால் ரோடு பைக்கில் சீட் தாழ்வாக இருக்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரியான உயரத்தில் உட்கார்ந்தால் ஒரு காலின் விரல்நுனி தரையைத் தொட்டாலே அதிகம், சிக்னலில் நின்றால் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்பதுதான் வழக்கம். சீட் தாழ்வாக இருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மேல் மடங்குகிறது, அந்த மடக்கத்திலிருந்துதான் நீங்கள் 13 பல்லைத் தள்ளுகிறீர்கள். கியரை மட்டும் மாற்றி இதை இப்படியே விட்டால் வலி பாதிதான் போகும்.

சுவரோரம் வண்டியை நிறுத்தி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடல் மேல் வைத்துப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் அது நல்ல ஆரம்ப உயரம். அதே உயரத்தில் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் ஒரு சின்ன மடக்கம் இருக்கும், அது இருக்கத்தான் வேண்டும். உங்களுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர்கூட ஏற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். அரை சென்டி ஏற்றுங்கள், இரண்டு தடவை ஓட்டுங்கள், மறுபடி அரை சென்டி. முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ, பின்னால் வருபவர் உங்கள் இடுப்பு ஆடுகிறது என்று சொன்னாலோ அளவு தாண்டிவிட்டது, கொஞ்சம் இறக்குங்கள்.

வலது காலில் மட்டும் ஏன் வலி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் சிக்னலில் இடது காலை ஊன்றி நின்று வலது காலால் முதல் மிதி போட்டுக் கிளம்புகிறார்கள். 50-க்கு 13-இல் நின்றுவிட்டு அதே கியரில் கிளம்பினால் அந்த முதல் நான்கைந்து மிதிகளில் உடம்பின் மொத்த எடையும் அந்தக் கால்மேல். திருவான்மியூரிலிருந்து நகரம் முடிகிற வரைக்கும் எத்தனை சிக்னல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிற்கப்போகிறோம் என்று தெரிந்ததுமே, சக்கரம் இன்னும் உருளும்போதே, பின்னால் மூன்று பல் லேசாக்கிவிட்டு நில்லுங்கள். வண்டி நின்ற பிறகு கியர் மாறாது.

இனி உங்களுக்கான ஏற்பாடு. இரண்டு வாரம் முன் ரிங்கை 34-லேயே விட்டுவிடுங்கள், பெரிய ரிங்கைத் தொடவே வேண்டாம். தூரத்தை 60-இலிருந்து 40-ஆகக் குறையுங்கள். பின்னால் 13, 15, 17 இந்த மூன்றுக்குள்ளேயே உங்கள் சமதரை வேலை முடிந்துவிடும். 24 கிலோமீட்டர் வேகத்துக்கு 34-க்கு 15 போட்டால் 84 சுற்று, 13 போட்டால் 73 சுற்று. நண்பர்கள் பின்தங்கிவிட்டதாக நினைப்பார்கள், சின்ன ரிங்கில் போவதைக் கொஞ்சம் கேவலமாகப் பார்க்கும் வழக்கமும் நம் குழுக்களில் இருக்கிறது. அதற்காக முழங்காலைக் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு வாரம் வலி இல்லாமல் போனால் மூன்றாவது வாரம் பெரிய ரிங்குக்கு வாருங்கள், ஆனால் 13-க்கு வேண்டாம். 27 கிலோமீட்டர் வேகத்துக்கு 50-க்கு 19 போட்டால் 81 சுற்று, 17 போட்டால் 73. இதுதான் உங்கள் வீடு. 13-ம் 11-ம் முதுகில் காற்று தள்ளும்போதும் இறக்கத்திலும் பயன்படட்டும். ஒன்றை மட்டும் தவிர்க்கவும்: முன்னால் பெரிய ரிங், பின்னால் 28, அல்லது முன்னால் சின்ன ரிங், பின்னால் 11. செயின் குறுக்கே இழுபட்டுத் தேயும், சத்தமும் வரும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வாடைக் காற்று மாதங்களில் ஈசிஆரில் தெற்கே போகும்போது காற்று முதுகில் இருக்கிறது, எல்லாரும் தங்களுக்குக் கால் நன்றாக இருப்பதாக நினைத்துப் பெரிய கியரில் பறக்கிறார்கள். திரும்பும்போது முட்டுக்காடு பாலத்துக்கு வந்ததும் இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பு ஒன்றும் இல்லை, காற்று முகத்தில் அடிக்கும். அங்கே 27-ஐ விடமாட்டேன் என்று அதே பல்லில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறார்கள், சுற்று 50-க்குக் கீழே விழுகிறது. உங்கள் வலியும் 40 கிலோமீட்டருக்குப் பிறகுதான் வருகிறது, அதாவது திரும்பும் வழியில். அங்கே வேகமானியைப் பார்க்காதீர்கள். பாலம் கண்ணில் படும்போதே, காற்று அடிப்பதற்கு முன்பே, ஒரு பல் லேசாக்குங்கள், ஏறியதும் இன்னொன்று. வேகம் 21-க்கு வந்தால் வரட்டும், கால் 75-இல் சுற்றட்டும். உழைப்பு அதேதான், காற்றுக்குக் கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுக்கிறோம்.

கியர் மாற்றும் அந்த ஒரு கணத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். லீவரைத் தட்டும்போது கால் முழு அழுத்தத்தில் இருந்தால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், செயின் பல்லின் மேல் ஏறி உட்கார இடம் கிடைக்காமல் இழுபடுகிற சத்தம் அது. லீவரைத் தட்டுகிற அதே நேரத்தில் அரைச் சுற்றுக்கு மட்டும் காலைச் சும்மா சுற்றவிட்டால் செயின் சத்தமில்லாமல் அடுத்த பல்லுக்குப் போய்விடும். இது பழகிவிட்டால் அடிக்கடி மாற்றுவதில் தயக்கம் போய்விடும், தயக்கம் போனாலே உங்கள் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஐம்பது தடவை கியர் மாற்றுவது சாதாரணம்.

ஏலகிரிக்கு வருவோம். கேசட்டை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். நீங்களும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 90 கிலோ பக்கம் வரும். 7 சதவீத ஏற்றத்தில் அதே 150 வாட்டுக்கு வண்டி 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். உங்கள் ஆகக் குறைந்த கியரான 34-க்கு 28-இல் அது 52 சுற்று. இதற்குக் கீழே போக உங்களிடம் பல் இல்லை, களைத்துப் போய் வேகம் 7-க்கு இறங்கினால் 46 ஆகிவிடும், முழங்கால் அப்போது பேச ஆரம்பிக்கும். எட்டு ஸ்பீடில் 11-32 கேசட் விலை அதிகம் இல்லாமல் கிடைக்கிறது, அதில் பற்கள் 11, 13, 15, 18, 21, 24, 28, 32. அதே 8 கிலோமீட்டர் வேகம் இப்போது 60 சுற்று. மலையில் 60 முதல் 70 வந்தால் போதும், சமதரை எண்ணை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் இழப்பது 17-ம் 19-ம், அந்த இடத்தில் 18 ஒன்றுதான் இருக்கும், சமதரையில் ஒரு படி இடைவெளி கொஞ்சம் அதிகமாகத் தெரியும், உங்கள் தேவைக்கு அது பெரிய இழப்பு இல்லை. வாங்குவதற்கு முன் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டிரெய்லியர் எத்தனை பல்வரை ஏற்கும் என்று கேளுங்கள். 34 வரை ஏற்கும் என்றால் 34-ஏ போடுங்கள். கேசட்டோடு செயினும் மாற்ற வேண்டியிருக்கும், பழைய செயின் நீளம் போதாது. மலைக்குப் போகும் வாரத்தில் மாற்றாதீர்கள், ஒரு மாதம் முன்பே மாற்றிப் பழகுங்கள்.

அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கொண்டே ஏறலாம். நாம் சாலையின் இடப்பக்கமாக ஏறுவதால் வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நமக்குக் கிடைக்கும், ஏற்றம் குறைவாக இருக்கும், கால் கொஞ்சம் ஆறும். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம், திடீரென்று செங்குத்தாகும். அதனால் இடது வளைவு கண்ணில் பட்டதுமே லேசான பல்லுக்குப் போய்விடுங்கள், உள்ளே நுழைந்த பிறகு மாற்ற முயன்றால் அந்த 'கடக்'தான். இரண்டு வளைவுக்கு ஒரு தடவை இருபது முப்பது மிதி எழுந்து நின்று மிதியுங்கள், எழுவதற்கு முன் ஒரு பல் கனமாக்கிக்கொண்டால் கால் வழுக்கி விழுகிற மாதிரி இருக்காது. முதல் மூன்று வளைவுகளைப் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள், நண்பர்கள் முன்னால் போனாலும் சரி.

இதையெல்லாம் செய்து ஆறு வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றால் நேரில் காட்டுங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ, படி இறங்கும்போது கால் மடிந்து விழப் பார்த்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள், அது கியர் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அப்படி எதுவும் இல்லாவிட்டால் இரண்டாவது ஞாயிறு முடிந்ததும் இரண்டு எண் எழுதி அனுப்புங்கள். திரும்பி வரும்போது முட்டுக்காடு பாலத்தின்மேல் 15 விநாடிக்கு எத்தனை சுற்று வந்தது, அதுவரை சீட் எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதை வைத்து மலைக்கு முந்தைய வாரங்களுக்கு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.